விண்வெளிப் போரில் குறிபார்ப்பது யார்?

புதிதாக எழுதுபவர்களின் விண்வெளிக் கதைகள் சில இந்த மாதம் திருத்தத்துக்கு வந்தன. மூன்றில் ஒரே காட்சி: கணினி செயலிழக்கிறது, நாயகன் கண்ணை இடுக்கிக்கொண்டு சுடுகிறான், எதிரிக் கலம் சிதறுகிறது. சிரிப்பு வரவில்லை. என் முதல் கதையின் உச்சக்கட்டமும் இதுவேதான். விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மற்ற தவறுகள் கீழே.

கையால் குறிபார்க்கும் நாயகன்

என் கதையைப் படித்த இயற்பியல் ஆசிரியர் ஒருவர் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டு நீட்டினார். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் கலம் நொடிக்கு சுமார் 7.8 கிலோமீட்டர் ஓடுகிறது. கண்டதும் விரல் அழுத்த மனிதருக்கு 0.2 நொடியாவது வேண்டும். அதற்குள் கலம் ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருக்கும். எதிரெதிரே வந்தால் அதுவும் இரட்டிப்பு. "உன் ஆள் எதைப்பா சுடுறான்?" என்றார். பதில் இல்லை.

தூரம் கூடினால் கதை இன்னும் கந்தல். நிலவு இருக்கும் தொலைவில் எதிரி இருந்தால், நாம் பார்ப்பது 1.3 நொடிக்கு முந்தைய எதிரியை. லேசர் போய்ச்சேர இன்னொரு 1.3 நொடி. எதிரி கண்டபடி வளைந்து ஓடினால் கணினியும் ஊகிக்கத்தான் வேண்டும். நாயகனின் உள்ளுணர்வு எந்த மூலைக்கு?

அப்புறம் அந்தக் 'கணினி பழுது'. எனக்கு இன்றும் எரிச்சல் அதில்தான். கணினி படுத்துவிட்டால் பீரங்கியைத் திருப்புவது யார்? கலத்தை நிலையாகப் பிடிப்பது யார்?

கடலிலேயே இது பழைய செய்தி. அமெரிக்கப் போர்க்கப்பல்களில் 1980 முதல் இருக்கும் ஃபாலங்க்ஸ் பீரங்கி, வரும் ஏவுகணையைத் தானே கண்டுபிடித்துத் தானே சுடும். அதைத் தானியங்கியில் விடலாமா என்பதுதான் மனிதர் எடுக்கும் முடிவு. உங்கள் பதற்றமான காட்சி அங்கே இருக்கிறது. பொத்தானை அழுத்தும் விரலில் இல்லை.

மனிதரே வேண்டாம் என்பது

அதற்காக எல்லாவற்றையும் கணினியிடமே விட்டுவிடுவதும் தவறு. 1983 செப்டம்பரில் சோவியத் எச்சரிக்கை அமைப்பு அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. பணியிலிருந்த அதிகாரி பெத்ரோவ், நிஜத் தாக்குதல் ஐந்தே ஏவுகணையோடு தொடங்காது என்று நினைத்து, பொய் எச்சரிக்கை என்றார். அதுதான் உண்மை.

கணினியைக் குற்றவாளி ஆக்குவது

1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரான் பயணிகள் விமானத்தை வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறுவதாகவே கணினி பதிவுசெய்திருந்தது. தாக்க இறங்குகிறது என்றவர்கள் மனிதர்கள்.

சிவப்புப் பொத்தான்

அதை அழுத்தும் காட்சியும் வேண்டாம்.