வேலூர் தண்ணீரில் நுரை எழுப்புவது எப்படி? பிரஷ், பிளேடு சவரம் பழக நினைப்பவர்களுக்கு

ஐந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜை ஓரம் கட்டிவிட்டு, தாத்தா காலத்து ரேசர், பிரஷ், கிண்ணம் என்று இறங்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் இதற்கு விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் யாரும் வேலூர் சத்துவாச்சாரி போர் தண்ணீரில் முகம் கழுவியவர்கள் இல்லை. நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ரேசரை மாற்றிக்கொண்டே போனாலும் அது தீராது.

சாமான்கள்

மூன்று துண்டாகக் கழலும் டபுள் எட்ஜ் ரேசர், அதாவது இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு மாட்டும் ரேசர் ஒன்று. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை வாங்கிய அந்த அமைப்பு இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. கீழ்த்தட்டில் சீப்புப் பல் வெட்டிய வகையும் உண்டு, நேராக மூடிய வகையும் உண்டு. புதியவர்கள் மூடியதை வாங்குங்கள்.

பிரஷ்ஷில் பேட்ஜர் என்ற விலங்கின் முடி, பன்றி முடி, செயற்கை இழை என்று மூன்று கட்சி. நான் செயற்கை இழைக் கட்சி. ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், ஐப்பசி மழையில் நாறாது. பேட்ஜர்தான் உயர்த்தி என்று சொல்பவர்கள் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிளேடில் ஜப்பானிய ஃபெதர் மிகக் கூர்மை. கை பழகும்வரை அதன் பக்கம் போகாதீர்கள். டோபாஸ், 7 ஓ'கிளாக் மாதிரி இரண்டு மூன்று வகையில் சின்ன பாக்கெட்டாக வாங்கி, உங்கள் தாடைக்கு எது ஒத்துவருகிறது என்று பாருங்கள். கிண்ணத்துக்கு வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணமே போதும். நாட்டு மருந்துக் கடையில் ஒரு படிகாரக் கட்டியும் வாங்கிவிடுங்கள். அதற்கு அப்புறம் வேலை இருக்கிறது.

தண்ணீர் (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி குழாய்த் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை எழும்பி நின்றால் உங்களுக்கு யோகம். மேலே நுரையே இல்லாமல் வெள்ளைத் துணுக்குகள் திரிதிரியாக மிதந்தால் அது கடின நீர். ஷாம்பூவை வைத்துச் சோதிக்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

காரணம் எளிது. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடுகின்றன. பிரஷ் நிறைய க்ரீம் எடுத்தும் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பிசுக்கு வளையம்தான் மிஞ்சுகிறது. முகத்தில் தடவியது ரேசர் வருவதற்குள் அமுங்கிப்போகிறது. க்ரீம் சரியில்லை என்று நானும் பிராண்டு பிராண்டாக மாற்றிப் பார்த்தவன்தான்.

பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரின் கதை ஊரறிந்தது. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். சரி, சவரத்துக்கு வருவோம்.

"கொதிக்கவைத்தால் போதாதா?" பாதிதான் போதும். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கொதித்தால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். குளோரைடு, சல்பேட்டால் வருவது எவ்வளவு கொதித்தாலும் அப்படியேதான் இருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு டம்ளர் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை நனைக்கவும் நுரை எழுப்பவும் மட்டும் இந்தத் தண்ணீர். முகம் கழுவ, ரேசர் அலசக் குழாய்த் தண்ணீரே போதும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளிலும் தொட்டியில் போர் தண்ணீர் கலந்துவிடுவது உண்டு. எனவே தெருக்குழாயைச் சோதிக்காமல் குளியலறைக் குழாயைச் சோதியுங்கள். மழை நாளில் மொட்டை மாடியில் ஒரு பாத்திரம் வைத்துப் பிடித்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

முகம்

வெளிநாட்டு விளக்கங்கள் எல்லாம் குளித்துவிட்டுச் சவரம் செய்யச் சொல்லும். நம் வீடுகளில் அது நடக்காது. சவரம் செய்தவன் குளிக்காமல் அடுப்படிப் பக்கம் போனால் அம்மா விடமாட்டார். குளிப்பதன் நோக்கம் முடியை ஊறவைப்பதுதான். வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் போட்டாலே அது நடந்துவிடும். பிறகு சவரம், பிறகு குளியல்.

செவ்வாய், வெள்ளி சவரம் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும் வீடானால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். வளர்ந்திருக்கும் தாடியை உலர்ந்த விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் பக்கம்தான் முடி சாயும் வாக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் சொல்ல முடியாது, சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில்.

நுரை

பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறுங்கள். ஒரு பாதாம் அளவு க்ரீமைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றுங்கள். முதலில் பசை மாதிரி ஒட்டும். விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சுழற்றுங்கள். மறுபடி இரண்டு சொட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் பெரிய பெரிய குமிழியாக வரும், அது பார்வைக்கு நுரை, அவ்வளவுதான். குமிழியே தெரியாமல், கடைந்த தயிர் போலப் பளபளப்பாக, பிரஷ்ஷைத் தூக்கினால் கூர்த்து நிற்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் இன்னொரு தொல்லை. மின்விசிறிக்கு அடியில் நின்றால் ஒரு கன்னம் முடிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை காய்ந்துவிடும். விசிறியை நிறுத்துங்கள், அல்லது பாதி முகத்துக்கு மட்டும் தடவுங்கள்.

பிளேடு

பிளேடைக் கூரில்லாத குட்டைப் பக்கத்தில் பிடித்துப் பொருத்துங்கள். திருகியதும் கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் ஒரு பக்கம் கீறும்.

ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொடும் இடத்தில் சரசரவென்று சத்தம் கேட்கும். அங்கே நிறுத்திவிடுங்கள், ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அழுத்தவே கூடாது, ரேசரின் எடையே போதும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக, வாக்கிலேயே இறக்குங்கள். மறுபடி நுரை தடவி, இரண்டாம் முறை குறுக்காக. எதிர்வாக்கில் போவதை முதல் சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். கழுத்தில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்பளிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

பிறகு

குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரப் படிகாரத்தை முகம் முழுக்கத் தேயுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். ரேசரை உதறித் துடைத்து வையுங்கள். வெள்ளைப் படிவு பிடித்தால் வினிகரில் தண்ணீர் கலந்து சற்று நேரம் போட்டு எடுக்கலாம். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் முலாம் போய்விடும்.

பிற்சேர்க்கை

கடின நீரில் சிட்ரிக் அமிலம் போடலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை போட்டால் அது கால்சியத்தைப் பிடித்துவைக்கும். கூடினால் சோப்பையே உடைத்துவிடும். கேன் தண்ணீர் கிடைக்காத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சவரக்கத்திக்கே போகலாமா என்று ஆம்பூர் வாசகர் ஒருவர் கேட்டார். தாராளமாக, ஆனால் அதற்குக் கூர் தீட்டும் தோல்வார் வேண்டும். ஷூ மேல்பாகத்துக்கான மெத்தென்ற தோல் இழுபட்டுத் தொய்யும், கூரை மழுக்கிவிடும். ஆவாரம் பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட, விறைப்பான தோல் துண்டு தேடுங்கள். கத்தியின் முதுகை முன்னே விட்டு, கூர் பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் வார் அறுந்துவிடும்.

பழைய பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், தூய்மைப் பணியாளர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். மூடி உள்ள தகர டப்பாவில் ஒரு கீறல் போட்டு அதில் சேர்த்து வாருங்கள். நிறைந்ததும் கீறலை டேப் ஒட்டி அடைத்து, உள்ளே பிளேடு என்று மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள்.