வேலூர் வெயிலுக்கு மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடிக்கும் முறை

கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலை, ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் உள்வாங்கி இரவிலும் வெளிவிடுகிற வேலூரில், மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போலக் குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் பராமரிப்பு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் வந்துவிடும் என்பதால், பங்குனிக்குள் இதை முடித்துவிடுவது நல்லது.

முதலில் பாசியையும் மண்ணையும் தேய்த்துக் கழுவி, விரிசல்களைச் சிமெண்ட் கலவையால் அடைத்து உலர விடுங்கள். விரிசலை அடைக்காமல் விட்டால், ஐப்பசி மழையில் ஒழுகும்.

சுண்ணாம்பைத் தாளிப்பதில், அதாவது நீரில் போட்டு நீற்றுவதில்தான் முழுக் கவனம் தேவை. சுட்ட சுண்ணாம்புக் கற்களை நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டுமேயன்றி, கற்களின் மீது நீரை ஊற்றக் கூடாது. நீரில் விழுந்ததும் கல் சீறி, ஆவி பறக்கப் பிளந்து, வெண்ணெய் போலக் குழையும். அப்போது தெறிக்கும் ஒரு துளி கண்ணையே கெடுத்துவிடும் என்பதால், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குழந்தைகளைக் கீழேயே நிறுத்திவிடுங்கள். அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் வாளி தாங்காது. இரும்பு டிரம்மே ஏற்றது.

ஓரிரவு ஊறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்திற்குக் கரைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்தபின் தளத்தை நனைத்து, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக மூன்று மெல்லிய பூச்சுகள் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மெதுவாகவே இறுகும் ஆதலால், தடிமனாக அடித்தால் செதில் செதிலாக உரிந்துவிடும். மழையில் கரைந்து மங்கும் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.