மாலத்தீவில் படகு ஏறாமல் மீன் பார்ப்பது எப்படி

மாலத்தீவு என்றதும் தண்ணீருக்கு மேல் கட்டிய குடிலும் அதன் வாடகையும்தான் முதலில் கண்முன் வரும். ஆனால் ஊர்க்காரர்கள் வசிக்கும் தீவுகளிலும் விடுதி நடத்தலாம் என்று 2010-ஐ ஒட்டி அனுமதி கிடைத்த பிறகு, நடுத்தரக் குடும்பமும் போய் வரக்கூடிய இடமாக அது மாறிவிட்டது. அங்கே போய் இறங்கியதும் எல்லோரும் தினமும் படகுப் பயணத்துக்குக் காசு கட்டுகிறார்கள். தேவையே இல்லை. தீவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் காலை டீ குடித்துவிட்டு, நீருக்கடியில் பார்க்க உதவும் முகமூடியை (ஸ்நார்க்கெல் மாஸ்க்) மாட்டிக்கொண்டு, கரையிலிருந்தே நீந்திப்போய் ஆமையைப் பார்த்துவிட்டுப் பசியாறத் திரும்பிவிடலாம்.

"வீட்டு வாசலிலேயே பவளப்பாறை" என்று விடுதிக்காரர் போடும் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். என் முதல் பயணத்தில் நான் நம்பினேன். பாறை இருந்தது, பொய் சொல்ல முடியாது. ஆனால் அதுவரை போக முழங்கால் ஆழக் கடற்புல்லில் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். போகும்போது சமாளித்துவிட்டேன். திரும்பும்போது தண்ணீர் வற்றிவிட்டது. நீந்தவும் ஆழமில்லை, கால் வைக்கவும் மணலில்லை. பல்லி மாதிரி வயிற்றில் ஊர்ந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கரை சேர்ந்தேன். இப்போதெல்லாம் விடுதியைத் தேடும் முன்பே தீவின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிடுகிறேன்.

கூகுள் மேப்பில் தீவை நன்றாகப் பெரிதாக்குங்கள். கரையை ஒட்டி வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ தெரிவது ஆழமில்லாத மணல். அதைத் தாண்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை வரும். அதற்கப்புறம் பேனாவால் கோடு இழுத்த மாதிரி சட்டென்று கருநீலம். அந்தக் கோடுதான் விளிம்பு, பாறை கீழே இறங்கும் இடம். பெரும்பாலான மீன்கள் அங்கேதான் சுற்றும். நம் ஊர் மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள், அங்கே திவேஹி மொழியில் 'ஃபரு'. கரையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று மேப்பிலேயே அளந்து பாருங்கள். ஐம்பது முதல் நூறு மீட்டருக்குள் என்றால் யோசிக்காமல் அந்தத் தீவைக் குறித்துக்கொள்ளலாம். முந்நூறைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், அது படகுக்காரர் பிழைப்பு.

புல்லையும் பாறையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் மேலிருந்து பார்த்தால் இருட்டாகத்தான் தெரியும். புல்லின் ஓரம் தண்ணீரில் கொட்டிய மை மாதிரி கலங்கியிருக்கும், பாறையின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். விளிம்பை ஒட்டி வெள்ளை நுரைக்கோடு தெரிந்தால் அந்தப் பக்கம் வெளிக்கடல், அலை உடைகிறது என்று அர்த்தம். தீவுகளும் பாறைகளும் வட்டமாகச் சூழ்ந்த பவள வளையத்தின் (அட்டோல்) உள்பக்கம் பார்த்த கரைதான் புதியவர்களுக்குத் தோது. அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களையும் ஓட்டிப் பாருங்கள். சமீபத்தில் மண் கொட்டிக் கரையை நீட்டியிருந்தால், துறைமுகத்துக்குத் தோண்டியிருந்தால், அந்தப் பக்கப் பாறையில் வண்டல் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். பாறைக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்து வெட்டினது போல நேராகத் தெரியும் நீலப் பாதையும் தோண்டியதுதான். அது படகு போகும் வழியா, நீந்துபவர்களுக்கான வழியா என்று கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் தொட்டூ நல்ல மதிப்பெண் வாங்கும். தனித்து நிற்கும் தீவு, விளிம்பு பக்கம், ஆமைகளுக்குப் பேர்போனது, போதாததற்குத் தர்பூசணியும் பப்பாளியும் அங்கேயே விளைகின்றன. உக்குலஸ், ஓமதூ இரண்டும் கரையோரப் பாறைக்காகவே ஆட்கள் தேடிப்போகும் இடங்கள். எல்லோரும் போகும் மாஃபுஷி தலைநகர் மாலேவுக்குப் பக்கம், விலையும் மலிவு, ஆனால் நல்ல இடம் பார்க்க அங்கே படகுதான் கதி. ஃபுவாமுலா என்று ஒருவர் ஆசைகாட்டுவார். அது புலிச்சுறா பார்க்க ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் போகும் தீவு, முதல் முறை முகமூடி மாட்டுகிறவர்களுக்கு வேண்டாம்.

தீவு முடிவானதும் காற்று. ஏறத்தாழ டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, கடல் பெரும்பாலும் அமைதி. மே முதல் நவம்பர் வரை தென்மேற்கு. அப்போது மேற்குக் கரை கொந்தளித்தால் தெருவைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போய்ப் பாருங்கள். பல தீவுகளில் அது ஐந்து நிமிட நடைதான்.

தண்ணீர் ஏற்றமா வற்றமா என்பதையும் பாருங்கள், ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஏற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்குவது என் வழக்கம். வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும், பாறையின் மேல்தளத்தைச் சிராய்ப்பில்லாமல் கடக்கலாம். வற்றும்போது உள்ளிருக்கும் கலங்கல் நீர் வெளியே ஓடும், பாறை இடுக்குகள் வழியாக நம்மையும் சேர்த்து இழுக்கும்.

நீரோட்டம்தான் உயிர் விஷயம். தீவின் இரு முனைகளிலும், இரண்டு தீவுகளுக்கு நடுவே இருக்கும் கால்வாயைப் பார்த்த பக்கத்திலும் மீன் அதிகம், இழுப்பும் அதிகம். இறங்கும் முன் கரையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, மிதக்கும் இலையோ நுரையோ எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். தண்ணீருக்குள் போனதும் சின்ன மீன் கூட்டத்தைப் பாருங்கள், எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து நின்றால் அந்தத் திசையிலிருந்துதான் ஓட்டம் வருகிறது. முதலில் அதை எதிர்த்து நீந்துங்கள், களைத்ததும் அதுவே திருப்பிக் கொண்டுவந்து விடும். எதிர்த்து நீந்தியும் கீழே இருக்கும் பாறை நகரவே இல்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். ஏறி வர இரண்டாவது இடம் ஒன்றையும் இறங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; தென்னை எல்லாம் கடலிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் தண்ணீர்த் தொட்டி, கைபேசிக் கோபுரம் மாதிரி எதையாவது அடையாளம் வையுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கவே கூடாது. தெரிந்தவர்களும் தனியாகப் போகாதீர்கள்.

முகமூடி ஊரிலிருந்தே வாங்கிப்போங்கள். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும், மீசையை எடுத்தால் முழுசாக நிற்கும் (நான் எடுக்கவில்லை). கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசுங்கள். அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்கால் மடிப்பும்தான் முதலில் வெந்துபோகும். ஊர்த் தீவுகளில் நீச்சலுடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான். மற்ற இடங்களில் உடம்பை மூடும் சட்டை மரியாதைக்கும் நல்லது.

உள்ளே யாரையெல்லாம் பார்ப்பீர்கள்? கிளிமீன் பாறையைக் கொறிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் காதில் தெளிவாக விழும். அது தின்று வெளியே தள்ளுவதுதான் நீங்கள் படுத்திருந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு. முழங்கால் ஆழத்தில் குட்டிச் சுறா வரும், கருப்பு முனைத் துடுப்பு, நம்மைக் கண்டால் அதுதான் ஓடும். உண்மையில் பயப்பட வேண்டியது பெரிய கிளாத்தி மீனுக்கு (ட்ரிகர்ஃபிஷ்). கூடு காக்கும் நாட்களில் முதுகு முள்ளைத் தூக்கிக்கொண்டு நேராக வரும், என் துடுப்புக் காலணியில் ஒரு கடி இன்னும் இருக்கிறது. அதன் எல்லை கீழே குறுகி மேலே விரியும் புனல் மாதிரி, அதனால் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

1998-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளம் பெருமளவு வெளுத்துச் செத்தது. அதனால் இணையத்தில் பார்த்த வண்ணங்களை எல்லாத் தீவிலும் எதிர்பார்க்காதீர்கள். உயிரோடு இருப்பதன் மேல் காலை ஊன்றாதீர்கள், நிற்கவேண்டுமென்றால் மணல் தேடி நில்லுங்கள். ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள், பவளத்தை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது, மதியத் தொழுகை நேரத்தில் கடைகளும் அடைப்பு. தீவு மாறுவதை அன்றைக்கு வைத்துக்கொள்ளாமல், காலையிலேயே கடலில் இறங்கிவிடுங்கள்.