சூழல் கல்வியைக் குப்பைத்தொட்டியிலிருந்து தொடங்குவது எப்படி?

சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒரு மரக்கன்று, ஒரு குழுப் புகைப்படம். மறுநாள் அதே மைதானத்தில் அதே காகிதக் குப்பை. பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் கேட்டது ஓவியம். அதை அவர்கள் அழகாகவே வரைந்து கொடுத்துவிட்டார்கள்.

1977-ல், இன்றைய ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசியில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து நடத்திய மாநாடு, சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நம் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை முதலாவதோடு நின்றுவிடுகின்றன. கடைசி இரண்டும் கைகூட வேண்டுமானால் பிள்ளைகளிடம் ஒரு நிஜமான வேலையை ஒப்படைக்க வேண்டும். அதன் பலன் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான் முதலில் சொல்லும் வழி, பள்ளியின் குப்பையை எடைபோடுவது. முன் அனுபவமே இல்லாத ஆசிரியரும் தன்னார்வலரும்கூட ஒரு பருவத்துக்குள் இதைச் செய்துவிடலாம்.

படி 1: தூய்மைப் பணியாளரிடம் கேளுங்கள்

தலைமையாசிரியரின் அனுமதி வாங்கியதும் அடுத்துப் பார்க்க வேண்டியவர் இவர்தான். எந்த வகுப்பின் தொட்டி முதலில் நிரம்புகிறது, எந்த நாளில் குப்பை அதிகம், கடைசியில் அது எங்கே போகிறது என்பதெல்லாம் பள்ளியில் வேறு யாரையும்விட அவருக்குத் தெரியும். அவரை வகுப்புக்கு அழைத்து, மாணவர்களையே கேள்வி கேட்க விடுங்கள். ஒரு கண்டிப்பான நிபந்தனையும் உண்டு: இந்தத் திட்டத்தால் அவருடைய வேலை கூடக் கூடாது. சிதறியதைக் கூட்டுவதும் தரையைக் கழுவுவதும் குழுவின் பொறுப்பு.

படி 2: குழு

எட்டுப் பத்துப் பேர் போதும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்க வேண்டாம். வகுப்புக்கு ஒருவராகக் கலந்து எடுங்கள். எடை பார்ப்பவர், எழுதுபவர், வகை பிரிப்பவர்கள் என வேலையைப் பிரித்துக்கொள்வதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

படி 3: எடைபோடும் நாள்

தேவையானவை: ஒரு தார்ப்பாய், கையில் தொங்கவிடும் மின்னணுத் தராசு, தடித்த கையுறைகள், முகக்கவசம், இடுக்கி, நான்கைந்து வாளிகள், ஒரு நோட்டு. காலி வாளியின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் அன்றைய கணக்கு முழுவதும் பாழ்.

கழிவறைக் குப்பை, மருந்துக் கழிவு, உடைந்த கண்ணாடி, பேட்டரி ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பெரியவர் ஒருவர் முதலில் குப்பையைப் பார்த்து அவற்றை விலக்கிய பிறகே மற்றவர்கள் உட்காரலாம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைப் பிரிக்கும் வேலையில் சேர்க்காமல், எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வகைகளைக் குறைவாக வையுங்கள்: உணவு மிச்சம், சருகு, காகிதம், பிளாஸ்டிக், மற்றவை. முதல் கால் மணி நேரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் கூச்சலுமாகத்தான் போகும், போகட்டும். சீக்கிரமே யாராவது ஒரு முழுப் பக்கமும் வெறுமையாக உள்ள காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். இன்னொருவர் கையில் ஒரு கடிகூடக் கடிக்காத பழம் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. "பார்த்தீர்களா, எவ்வளவு வீண்!" என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவர்கள் கண்டுபிடித்தது உங்கள் உபதேசமாகிவிடும்.

பிளாஸ்டிக்கை எடைபோட்டால் மட்டும் போதாது, எண்ணவும் வேண்டும். நூறு உறைகள் சேர்ந்தாலும் தராசு பெரிதாக அசையாது. ஈரமான உணவோ சில கைப்பிடியிலேயே எடையை ஏற்றிவிடும். எடையை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் ஒரு பிரச்சினையே இல்லை என்று தோன்றிவிடும்.

ஒரே நாளின் கணக்கை நம்ப வேண்டாம். விழா, தேர்வு இல்லாத சாதாரண வாரமாகப் பார்த்து ஐந்து நாளும் எடைபோடுங்கள். பள்ளி முழுக்க முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். அறிவித்தால் அந்த வாரம் மட்டும் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்கள்.

படி 4: எண்களை வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள்

ஒரு நாள் குப்பை 18 கிலோ, வருகை 450 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 40 கிராம். பள்ளி 200 நாள் நடந்தால் மொத்தம் 3,600 கிலோ. கணித ஆசிரியருக்குச் சராசரியும் வரைபடமும் இதிலேயே கிடைத்துவிடும். அறிவியல் ஆசிரியருக்கு இன்னும் நல்ல தீனி: உணவு மிச்சம் குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட அது சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. உருகும் பனிமலையின் படத்தைக் காட்டிப் பத்து வயதுப் பிள்ளையைப் பயமுறுத்துவதைவிட, தன் தொட்டியிலிருந்து அந்த வாயுவுக்குப் போகும் வழியைக் காட்டுவது மேல். பயந்த பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. இந்தப் பிள்ளைக்கு இருக்கும்.

படி 5: ஒரே ஒரு மாற்றம்

குப்பையைக் குறைக்க என்ன செய்யலாம் என்று மாணவர்களைக் கேட்டால் பட்டியலில் பத்து யோசனைகள் வரும். ஒன்றை மட்டும் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த யோசனை தோற்றாலும் தலையிடாதீர்கள்.

காகிதம் என்றால் வேலை சுலபம்: ஒரு பக்கம் எழுதிய தாள்களுக்கு வகுப்புதோறும் ஒரு பெட்டி. உரக்குழி என்றால் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். பழத்தோல், காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு, மூன்று பங்கு போடுங்கள். எண்ணெய் கலந்த உணவும் இறைச்சியும் வேண்டாம், எலிகள் வரும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். அதற்கு மேல் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறாவிட்டால் காற்றுப் போகாமல் நாற்றம் எடுக்கும். நாற்றம் வந்த மறுநாளே குழியை மூடச் சொல்லி யாராவது வருவார்கள். பெரும்பாலான பள்ளி உரக்குழிகளின் கதை அங்கேதான் முடிகிறது. ஆகவே கிளறும் முறையை யார் எந்த வாரம் என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். விடுமுறை வாரங்களையும் விட்டுவிடாதீர்கள்.

படி 6: மறுபடியும் எடை

ஆறு வாரம் கழித்து, அதே தராசு, அதே வகைகள், ஐந்து நாள். எடை குறையாமலும் இருக்கலாம். அந்த எண்ணை மறைக்காமல் அப்படியே அறிவிப்புப் பலகையில் போடுங்கள். ஏன் குறையவில்லை என்று குழு துப்புத் துலக்கட்டும். தொட்டி வைத்த இடம் தப்பாக இருக்கலாம், இடைவேளை போதாமல் பிள்ளைகள் சாப்பாட்டை மிச்சம் வைத்திருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால் அது பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. மாணவர்கள் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தோடு வரைபடத்தையும் இணைக்கச் சொல்லுங்கள்.

படி 7: பள்ளிக்கு வெளியே

பெற்றோர் கூட்டத்திலோ குடியிருப்போர் கூட்டத்திலோ பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பேசுபவர்கள் மாணவர்களாக இருக்கட்டும்; நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். முதலில் தங்கள் பள்ளியின் எண்களைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் போதும்: ஒரு வாரம் உங்கள் வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்து எடை குறித்துத் தருவீர்களா? மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். ஒப்புக்கொண்ட வீடுகளுக்கு அச்சிட்ட படிவத்தைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வாரக் கடைசியில் இரண்டு மாணவர்கள் ஒரு பெரியவரோடு போய் அதை வாங்கி வரட்டும்.

பருவம் முடியும்போது நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல் அடுத்த வகுப்பின் குழுவிடம் கொடுங்கள். தராசு எங்கே இருக்கிறது, காலி வாளி எத்தனை கிராம், எந்த யோசனை தோற்றது என்பதை முதல் பக்கத்தில் எழுதிவைத்தால் அவர்கள் மூன்றாவது படியிலிருந்தே தொடங்கிவிடலாம்.