அறுகம்குடா சர்ஃப் லாட்ஜ்: தனியாகப் போகிறவர் ஏமாறாமல் தங்க

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்குடாவுக்கு சர்ஃபிங் (அலைச்சறுக்கு) கற்கப் போய் லாட்ஜ் பிடிக்கும்போது அறையைப் பார்ப்பதற்கு முன் அலையைப் பாருங்கள். "கடலுக்கு இரண்டே நிமிடம்" என்று லாட்ஜ்காரர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த இரண்டு நிமிட நடையில் நீங்கள் கற்கக்கூடிய அலை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊரின் பெயர்பெற்ற அலையிடம் மெயின் பாயிண்ட். அடியில் பாறையும் பவளமும், மேலே கூட்டம். புதியவர் இறங்கும் இடமே அல்ல. கற்க வேண்டிய இடங்கள் பேபி பாயிண்ட், பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பாயிண்ட், பாணமை வீதிப் பக்கம் பீனட் ஃபார்ம். பின்னிரண்டுக்கும் போர்டைக் கட்டிக்கொண்டு ஓட்டோவில்தான் போக வேண்டும். தனியாளாகப் போனால் அந்த வாடகையைப் பங்கு போட ஆளில்லை.

அதனால் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: வகுப்பு எந்தப் பாயிண்டில்? ஓட்டோ வாடகை அதில் அடக்கமா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நாலுக்கு மேல் என்றால் தண்ணீரில் காத்திருப்பதே அதிகம். புதியவருக்கு ஏற்ற 8, 9 அடி சாஃப்ட் போர்டு (மேல்பக்கம் மெத்தென்ற போர்டு) இருக்கிறதா? மாதமும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே அலைக்காலம். நவம்பர் தொடங்கினால் கிழக்கில் மழை. அப்போது தெற்குக் கரையில் வெலிகம, மிதிகம பக்கம் போவதே சரி. லாட்ஜ் திறந்திருப்பதால் அலை இருக்கும் என்று நம்பாதீர்கள்.

எத்தனை நாள் திட்டமானாலும் முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். வாரம் முழுவதற்கும் கட்டிவிட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

போய்ச் சேர்ந்ததும் பையைப் பிரிக்குமுன் உள்தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, மின்விசிறி, கொசுவலை, குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் சரிபாருங்கள். தாழ்ப்பாள் சரியில்லையென்றால் வேறு அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் இருட்டுமுன் இடம் மாறுங்கள். தனியாகத் தங்குகிறவர் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாடகை போர்டில்தான் அதிகம் சண்டை வருகிறது. கெட்டியான ஃபைபர் போர்டானால் மூக்கு, வால், இரு விளிம்பு, ஃபின் (அடிப்பக்கத்துத் துடுப்பு) பொருந்தும் இடம் ஆகியவற்றை விரலால் தடவுங்கள். வெடிப்பைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கும். போர்டு கனக்கும், திரும்ப மறுக்கும். ஃபின்னை ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. லீஷ் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) ஏறக்குறைய போர்டின் நீளம் இருக்க வேண்டும். வெல்க்ரோ இறுகப் பிடிக்க வேண்டும். கயிற்றில் கீறல் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அறுந்தால் போர்டு பாறைக்கும் அடுத்தவர் தலைக்கும் போகும். போர்டை எடுக்கும்போதே பழைய வெடிப்புகளைப் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் செலவு உங்கள் கணக்கில் விழும். பிணையாகப் பாஸ்போர்ட் கேட்டால் கொடுக்காதீர்கள், பணம் கொடுங்கள்.

சொன்னபடி நடக்கவில்லையா? அன்றைக்கே பேசுங்கள். கடைசி நாள் சொன்ன குறைக்கு யாரும் பணம் திருப்புவதில்லை. "எதுவுமே சரியில்லை" என்று தொடங்காமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இரண்டு வகுப்பு நடக்கவில்லை, அந்தப் பணத்தைக் கழித்துவிடுங்கள்." பேசியதையே படத்தோடு, பதிவு செய்த செயலியின் மெசேஜிலும் போடுங்கள், வாட்ஸப்பில் மட்டும் இருந்தால் அந்தத் தளத்திடம் காட்டுவது கடினம். ஜூலை, ஆகஸ்டில் அறைகள் சீக்கிரம் நிறையும். ஆகவே லாட்ஜை விட்டுப் போவதானால் அடுத்த இடத்தை உறுதி செய்துவிட்டு, "பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.