டர்போ காரின் சூட்டைக் குறைக்க: முதலில் எதில் கை வைப்பது, எதை வாங்கவே கூடாது

டிராக்கில் நாலு லேப் வேகமாகச் சுற்றியதும் கார் தளர்ந்துபோனால், ரேடியேட்டர் போதவில்லை என்று முடிவுகட்டிப் பெரியதாக ஒன்றை வாங்கத் தோன்றும். பல கார்களில் ரேடியேட்டர் மீது ஒரு குற்றமும் இருக்காது. டர்போ எஞ்சினில் சூடு மூன்று இடங்களில் சேர்கிறது: டர்போ அழுத்தி அனுப்பும் காற்றில், கூலண்டில், ஆயிலில். மூன்றும் ஒரே நேரத்தில் எல்லையைத் தொடுவது அபூர்வம். எது முதலில் தொடுகிறது என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் செலவழித்தால் பணம் மிஞ்சும். கண்டுபிடிக்காமல் செலவழித்தால் மூன்றையும் மாற்றிய பிறகும் அதே நாலாவது லேப்பில் கார் தளரும்.

அளந்து பார்ப்பது

டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் பெரும்பாலான கார்களில் அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். எஞ்சின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனரும் போனில் ஒரு ஆப்பும் போதும். கூலண்ட் வெப்பம், எஞ்சினுக்குள் போகும் இன்டேக் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) மூன்றையும் 20 நிமிட ஓட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள். அன்றைய வெளி வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் இன்றைய அளவை அடுத்த மாத அளவோடு ஒப்பிட முடியாது.

ஆயில் வெப்பத்தைச் சில கார்களின் எஞ்சின் கணினியான ஈசியூவே சொல்லிவிடும். சொல்லாத காரில், ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காரும் சாண்ட்விச் பிளேட்டில் ஒரு சென்சாரைப் பொருத்தலாம். அப்படி வாங்குவதானால் இப்போதே தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தானே திறக்கும் வால்வு) உள்ள பிளேட்டாக வாங்கிவிடுங்கள். பிறகு ஆயில் கூலர் போட நேர்ந்தால் அதே பிளேட் உதவும்.

இன்டேக் வெப்பத்தைப் படிக்கும்போது ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சில கார்களில் அந்த எண் ஏர் ஃபில்டரை ஒட்டியுள்ள சென்சாரிலிருந்து, அதாவது டர்போவுக்கு முன்னாலிருந்து வருகிறது. அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் பின்னால், த்ராட்டில் அருகிலோ மேனிஃபோல்டிலோ உள்ள சென்சாரின் எண்தான் தேவை.

இனி எண்களுக்கு வருவோம். கூலண்ட் 90 முதல் 105 வரை இயல்பு. 110-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தால் குறை இருக்கிறது. ஆயில் 100 முதல் 120 வரை நல்லது. 130-ல் நிலைத்து நின்றால் கூலர் வேண்டும். 140-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடுங்கள். ஆயில் 80-க்குக் கீழே இருக்கும்போது முழு பூஸ்ட், அதாவது டர்போவின் முழு அழுத்தம், கொடுப்பதும் தவறு. இன்டேக் காற்று, கார் ஓடும்போது வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரி கூட இருக்கலாம். 40 டிகிரி கூடி, லேப்புக்கு லேப் ஏறி, கூடவே டைமிங்கும் பின்வாங்கினால் (பொறி தாமதமானால்) இன்டர்கூலரில்தான் பிரச்சினை. கார் தளர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும் நாக்கிங் வராமல் காக்க ஈசியூ டைமிங்கைக் குறைக்கிறது, அது உங்கள் காலுக்குப் பவர் இழப்பாகத் தெரிகிறது.

கூலண்ட் எப்போது ஏறுகிறது என்பதும் துப்பு கொடுக்கும். நெரிசலில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, அதைச் சுற்றியுள்ள கூடான ஷ்ரவுட், இவற்றில்தான் கோளாறு. நேர்மாறாக வேகத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, காற்று வரும் பாதை, அல்லது அதிக ஆர்பிஎம்மில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ். எக்ஸ்பான்ஷன் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தால் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். முதலில் பிளாக் டெஸ்டர் திரவத்தால் சோதியுங்கள். நீலம் மஞ்சளாக மாறினால் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது. எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் அதைச் சரிசெய்யாது.

காசில்லாமல் கிடைப்பது

பம்பரைக் கழற்றுங்கள். ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அடுக்கில், நடு இடைவெளிகளில் பூச்சியும் தூசும் இலையும் கம்பளிபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சாதாரண ஹோஸ் தண்ணீரை அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடிந்துவிடும். மடிந்தவற்றை ஃபின் சீப்பால் நிமிர்த்துங்கள்.

அடுத்தது கூலண்ட் மூடி. தண்ணீரும், உறைவதைத் தடுக்கும் கிளைக்காலும் சம அளவில் கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் அது 129 டிகிரி வரை தள்ளிப்போகும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்திருந்தால் அந்த 22 டிகிரி பாதுகாப்பு காணாமல் போகிறது. பழைய காரில் மூடியை மாற்றுவதைப்போல மலிவான வேலை வேறில்லை. அதற்காக அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள மூடியைப் போட்டுவிடக் கூடாது. பிளாஸ்டிக் டேங்கின் மடிப்பும் ஹீட்டர் கோரும் முதலில் பிளக்கும்.

கூலண்ட் கலவையையும் கவனியுங்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் கிளைக்கால் இல்லை. கிளைக்கால் கூடக் கூடச் சுமக்கும் திறன் குறையும். உறைபனி இல்லாத பருவத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு துருத்தடுப்பான் சேர்த்து, கிளைக்காலைக் குறைக்கலாம். வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அலுமினியம் அரித்துவிடும். சிந்தினால் தரை வழுக்கும் என்பதால் பல ரேஸ் அமைப்பாளர்கள் கிளைக்காலை அனுமதிப்பதில்லை, விதியைப் படித்துவிட்டுப் போங்கள். நிரப்பும்போது காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று முழுவதும் வெளியேறும்வரை ஓடவிடுங்கள். புதுப் பாகம் போட்ட பிறகும் சூடு குறையவில்லை என்ற புகார்களில் பல, உள்ளே சிக்கிய காற்றால் வருபவை.

காற்றை வழிக்குக் கொண்டுவருவது

காற்று சோம்பேறி. கோருக்குள், அதாவது ரேடியேட்டர், கூலர்களின் ஃபின் அடுக்குக்குள், நுழைந்து போவதைவிடச் சுற்றிப் போவது சுலபமென்றால் சுற்றித்தான் போகும். கடையில் வாங்கும் எந்த கோரும் தன் வழியாகப் போகும் காற்றுக்கு மேல் ஒரு டிகிரியும் குறைக்காது. ஆகவே எந்தப் பாகத்துக்கும் முன்னால் இந்த வேலையைச் செய்யுங்கள்.

இரவில் எஞ்சின் பக்கமாக டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். கோரைச் சுற்றி எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் காற்றும் ஒழுகுகிறது. வழக்கமாக ரேடியேட்டரின் இரு பக்கமும், மேல் பட்டைக்குக் கீழும், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலும் இருக்கும். பம்பர் வாயிலிருந்து கோரின் விளிம்பு வரை 1 முதல் 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டால் ஒரு பெட்டிபோலக் கட்டுங்கள். வளைவான இடங்களுக்கு நீர் உறிஞ்சாத மூடிய செல் ஃபோம். தகட்டின் வெட்டு விளிம்பு ஹோஸையோ ஒயரையோ தொடும் இடத்தில் ரப்பர் விளிம்புப் பட்டை போடாவிட்டால் ஒரு மாதத்தில் அது கத்தியாகிவிடும். கிரில்லுக்கு நடுவில் நம்பர் பிளேட் இருந்தால், விதி அனுமதிக்கும் அளவுக்கு ஓரமாக நகர்த்துங்கள்.

உள்ளே வந்த காற்று வெளியேறவும் வேண்டும். அடித்தட்டைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஓடும்போது அந்தத் தட்டுதான் எஞ்சின் அறைக்குக் கீழே காற்றழுத்தத்தைக் குறைத்து, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கிறது. கழற்றிய பல கார்கள் முன்னைவிடச் சூடாகும். உடைந்த தட்டை மாற்றுவதும் குளிரூட்டும் செலவுதான். பானெட்டில் துளை போடுவதாக இருந்தால் ரேடியேட்டருக்கு நேர் பின்னால், முன்பகுதியில் போடுங்கள். அங்கே அழுத்தம் குறைவு. பானெட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்துத் தூக்குவது வேகத்தில் உதவாது. கண்ணாடி அடியில் அழுத்தம் அதிகம் என்பதால் காற்று அங்கிருந்து உள்ளேதான் நுழையப் பார்க்கும்.

இன்டர்கூலர்

ஒரு கணக்கைப் பார்த்தால் இதன் அருமை புரியும். வெளியே 30 டிகிரி, பூஸ்ட் 1 பார், கம்ப்ரெசரின் திறன் 70 சதவீதம் என்றால் டர்போவை விட்டு வரும் காற்று ஏறக்குறைய 125 டிகிரி. அந்த 95 டிகிரி ஏற்றத்தில் 70 சதவீதத்தை இறக்கும் இன்டர்கூலர் 58 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். 85 சதவீதம் இறக்குவது 44 டிகிரியில் கொடுக்கும். காற்றின் அடர்த்தி 4 சதவீதம் கூடுகிறது. அதைவிடப் பெரிய லாபம் ஈசியூ டைமிங்கைக் குறைக்காமல் இருப்பது.

வாங்கும் முன் பூஸ்ட் பைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று அழுத்திச் சோதியுங்கள். கசிந்தால் டர்போ அதே பூஸ்ட்டுக்காகக் கூடுதலாகச் சுழன்று காற்றை இன்னும் சூடாக்கும். ஒரு கிளாம்ப்பில் தீரும் விஷயமாக இருக்கலாம்.

கோரில் இரண்டு வகை. பார் அண்ட் பிளேட் கனமானது. ஒரு சில விநாடி முழு பூஸ்ட்டைச் சூடேறாமல் தாங்கும், ஆனால் சூடேறினால் ஆற நேரமாகும். டியூப் அண்ட் ஃபின் இலேசானது, சீக்கிரம் ஆறும், பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கும் காற்றை விடும். சாலையில் அவ்வப்போது வேகமெடுக்கும் காருக்கு முன்னது, தொடர்ந்து லேப் சுற்றும் காருக்கு நன்றாகச் செய்த பின்னது. கோருக்குள் அழுத்த இழப்பு முழு பூஸ்ட்டில் 1 முதல் 1.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. தடிமனைவிட முகப்பரப்பு பெரிதாக இருப்பதே மேல். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போல எஞ்சின் மேலேயே இன்டர்கூலர் உட்காரும் காரில், பானெட் ஸ்கூப்புக்கும் கோருக்கும் நடுவிலுள்ள ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்ஜெட்டுக்கு நல்ல வழி, அதே மாடலின் அதிக பவர் உள்ள வகையிலிருந்து கழற்றிய இன்டர்கூலர். பிராக்கெட்டும் பைப்பும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். டர்போ உடைந்த காரிலிருந்து வந்ததை மட்டும் தொடாதீர்கள். ஃபின்களுக்குள் சிக்கிய உலோகத் துகள் ஒருநாள் விடுபட்டு எஞ்சினுக்குள் போகும்.

ஆயில் கூலர்

ஆயில் 130-ல் நிற்கும் காருக்கு மட்டும். பல நவீன எஞ்சின்களில் ஆயில் சூட்டைக் கூலண்டுக்கே மாற்றும் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். அத்தகைய காரில் தனி ஆயில் கூலர் போட்டால் கூலண்ட் வெப்பமும் சேர்ந்து இறங்கும்.

நாலு சிலிண்டர் காருக்கு 19 குழாய் வரிசையுள்ள கூலர், ஏஎன் 10 என்ற அளவுள்ள ஹோஸ் போதும். ஹோஸைச் சிறிதாக்கினால் ஆயில் அழுத்தம் விழும். 80 டிகிரி வாக்கில் திறக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது. குளிர்ந்த ஆயில் எப்போதும் கூலரைச் சுற்றினால் சூடேறவே மாட்டாது, தேய்மானம் கூடும். ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டினால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான், கூலண்ட் ஏறும். சக்கரத்துக்கு முன்னாலுள்ள மூலையில் மாட்டி, அதற்கென ஒரு காற்று வழியும் வெளியேறும் வழியும் கொடுங்கள். இணைப்புகள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் காற்று தங்கும். பழைய ஆயில் கூலரை வாங்குவது சிக்கனமல்ல. பேரிங் போன எஞ்சினின் துகளை உள்ளிருந்து முழுவதுமாகக் கழுவ முடியாது.

போட்டு முடித்ததும் எரிபொருள் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, குறைந்த அளவை ஊற்றி நிரப்புங்கள்.

ரேடியேட்டரும், வாங்க வேண்டாதவையும்

மேலே சொன்ன எல்லாம் முடிந்தும் கூலண்ட் வேகத்தில் ஏறினால்தான் ரேடியேட்டர். இரண்டு மடங்கு தடிமன் இரண்டு மடங்கு குளிர்ச்சி தராது. பின் வரிசைகளுக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும், காற்றுக்குத் தடையும் கூடும். கொஞ்சம் தடிமனான அலுமினிய கோர், தொழிற்சாலை ஃபேனும் ஷ்ரவுட்டும் அப்படியே பொருந்துவது, இது போதும். ஷ்ரவுட்டைக் கழற்றி ஃபேனை நேராக கோரில் கட்டினால், ஃபேன் வட்டத்துக்கு வெளியிலுள்ள பரப்பு நெரிசலில் வீணாகும்.

குறைந்த வெப்பத்தில் திறக்கும் தெர்மோஸ்டாட், சூட்டுக்கு மருந்தல்ல. முன்கூட்டியே திறக்கும், அவ்வளவுதான். முழுவதும் திறந்த பிறகு ரேடியேட்டரின் திறன் எதுவோ அதுதான். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடுவது அதைவிட மோசம். பைபாஸ் வழி திறந்தே கிடக்கும் எஞ்சின்களில் கூலண்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் வெப்பத் துணி சுற்றினால் சிலசமயம் மேனிஃபோல்டு விரிசல் விடும். டர்போவின் மேல் போர்வை போடுவதும் பக்கத்து ஹோஸ்களுக்குத் தகட்டுக் கவசம் வைப்பதும் மேல்.

கடைசி லேப்பைப் பூஸ்ட் இல்லாமல் ஓட்டுங்கள், நின்றதும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவை உடனே அணைத்தால் பேரிங்கில் தேங்கிய ஆயில் கரியாகிவிடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே 20 நிமிடப் பதிவை மறுபடி எடுத்து, வெளி வெப்பத்தைக் கழித்து ஒப்பிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பாகத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு காரைத் தூக்கி, ஹோஸ் உராயும் இடங்களையும் கிளாம்ப்புகளையும், சாண்ட்விச் பிளேட்டின் ஓ-ரிங் அருகே ஆயில் ஈரம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.