யேட்ஸோட லீடா கவிதை: எங்கெல்லாம் தப்பாப் படிக்கிறோம்

அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1923ல எழுதின 'லீடாவும் அன்னமும்' வெறும் 14 வரிதான் (கிரேக்கப் புராணத்துல ஸீயஸ்ங்கற கடவுள் அன்னமா மாறி லீடாங்கற பொண்ணுகிட்ட வர்ற கதை), ஆனா அதைப் பத்தி எழுதுறவங்கள்ல நிறைய பேரு "நடந்தது காதலா வன்முறையாங்கறத கவிஞர் நம்மகிட்டயே விட்டுடுறார்"னு ஆரம்பிச்சுடுறாங்க. அவர் ஒண்ணும் விடல. எடுத்த எடுப்புலயே திடீர்னு ஒரு அடி விழுது, பொண்ணு தடுமாறுறா, அவ பிடரிய அலகு கவ்விப் பிடிச்சிருக்கு, அவ விரல்கள் மிரண்டுபோய்க் கெடக்குன்னு அவரே சொல்லிடுறார், இதுல சந்தேகப்பட என்ன இருக்கு? கவிதையில சந்தேகம் இருக்கு, நிறையவே இருக்கு, ஆனா அது இருக்கிற இடம் வேற.

காதல்னு தோணுறதுக்குப் பழைய ஓவியங்களும் ஒரு காரணம். லியனார்டோ வரைஞ்சது தொலைஞ்சுபோச்சு, அதைப் பாத்து மத்தவங்க வரைஞ்சதுல லீடா அன்னத்தை அணைச்சுக்கிட்டு அமைதியா நிக்கிறா. அந்தப் படத்தை மனசுல வச்சுக்கிட்டு யேட்ஸப் படிச்சா எல்லாமே கோணலாத்தான் தெரியும்.

அடுத்தது, அவ தொடை தளருதுன்னு ஒரு இடம் வருதே, அதைப் பிடிச்சுக்கிட்டு "பாத்தீங்களா, சம்மதிச்சுட்டா"ன்னு எழுதுறது. அந்தச் சொல் வர்றது ஒரு கேள்விக்குள்ள. மிரண்டுபோன அந்த விரல்களால அதை எப்படித் தள்ள முடியும்னு கேக்குறார், அதாவது தள்ள முடியாதுன்னு சொல்றார், நாமளும் "அவ்ளோ பெரிய ஆள நான் எப்படி எதுத்துக்கிறது"ன்னு கேட்டா அதுக்குப் பதில் எதிர்பாக்குறதில்லையே. பலம் இல்லாம தளர்றது வேற, சம்மதம் வேற.

கவிதையில மொத்தம் மூணு கேள்வி. முதல் ரெண்டுக்கும் பதில் உள்ளேயே இருக்கு, மூணாவதுக்குத்தான் பதில் இல்ல. அந்த அலட்சியமான அலகு அவளக் கீழ போடுறதுக்கு முன்னாடி, அவனோட வலிமையோட சேத்து அவனோட அறிவையும் அவ வாங்கிக்கிட்டாளா? வரப்போறதெல்லாம் அந்த ஒரு நொடியில அவளுக்குத் தெரிஞ்சுதா? அதுவரைக்கும் பிடரி, தொடை, நெஞ்சு, விரல்னு அவ உடம்பத் துண்டு துண்டா காட்டிட்டு வந்த கவிதை (பெண்ணிய விமர்சகர்கள் இதைக் கேள்வி கேக்குறதுல நியாயம் இருக்குன்னுதான் நினைக்கிறேன்), கடைசியிலதான் அவ மனசுக்குள்ள எட்டிப் பாக்குது, பாத்துட்டுத் தெரியலன்னு நிக்குது. இங்க வந்து "ஆமா, அவளுக்கு ஞானம் கெடச்சுது"ன்னு முடிச்சு வைக்கிறவங்க பாதிக்கப்பட்டவளுக்கு ஏதோ இழப்பீடு வாங்கிக் குடுத்த மாதிரி எழுதுறாங்க, எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது. யேட்ஸ் முதல்ல வச்சிருந்த தலைப்பு 'அன்னன்சியேஷன்', மரியாளுக்கு வானதூதர், ஏசு பொறக்கப்போறார்னு சேதி சொன்ன அந்த நிகழ்ச்சியோட பேரு, அதை வச்சு புது யுகம் பொறக்குதுன்னு பெருசா விளக்கலாம் தப்பில்ல, ஆனா அந்த விளக்கத்துல பொண்ணு காணாமப் போயிடக்கூடாது.

புராணக் கதை முழுசையும் கவிதைக்குள்ள கொட்டுறதும் நடக்குது. லீடா போட்ட முட்டை, அவ பிள்ளைங்க ஹெலன், காஸ்டர், போலக்ஸ், யாருக்கு யாரு அப்பன் (அதுலயே ஒவ்வொரு நூலும் ஒவ்வொண்ணு சொல்லுது) எல்லாம் வந்துடும். ஆனா தலைப்ப மூடிட்டுப் படிச்சுப் பாருங்க, உள்ள லீடா பேரு இல்ல, ஸீயஸ் இல்ல, ஹெலன் இல்ல, லீடாவோட இன்னொரு மக கிளைடெம்னெஸ்ட்ரா இல்ல. ஒரே ஒரு பேருதான், அகமெம்னான் (கிளைடெம்னெஸ்ட்ராவோட புருஷன், ட்ராய்ப் போர்ல கிரேக்கப் படைக்குத் தலைவன்), அதுவும் செத்துப்போனவனா வர்றான், அந்தப் பேரோட வரி பாதியில உடைஞ்சு மிச்சம் கீழ எறங்கிடுது. ஹெலனால வந்த போர்ல ட்ராய் நகரத்தோட மதில் இடிஞ்சது, கோபுரம் எரிஞ்சது எல்லாமே ஒரு நடுக்கத்துலேர்ந்து பொறந்துச்சுன்னு சொல்றவர், அது யாரோட நடுக்கம்னு சொல்லல. நிஜமான சந்தேகம் இங்கதான் இருக்கு, "எல்லாத்துக்கும் லீடாதான் காரணம்"னு எழுதி அதையும் கெடுத்துடாதீங்க.

அரசியலும் ஒண்ணு இருக்கு. அன்னம் அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்து, பொண்ணு அயர்லாந்துன்னு சமன்பாடு போடுறது ரொம்ப ஈஸி. ஒரு அரசியல் பத்திரிகை ஆசிரியர் கேட்டதாலதான் எழுத ஆரம்பிச்சேன், எழுத எழுத பறவையும் பொண்ணும் முழுசா ஆக்கிரமிச்சு அரசியல் வெளிய போயிடுச்சுன்னு யேட்ஸே குறிப்பு எழுதியிருக்கார். அவர் சொல்லிட்டாருங்கறதுக்காக அப்படியே நம்பணும்னு இல்ல, அப்போ அவர் அயர்லாந்து செனட்டர் வேற. ஆனா சமன்பாடு போடுறவங்க அதை முழுசாப் போடணும், அப்போ அகமெம்னான் யாரு, எரிஞ்ச ட்ராய் எது?